தனித்தனி அணிகளா, ஒரே கட்டமைப்பா? சி மொழியின் ஸ்ட்ரக்ட் பற்றி ஓர் இழை

ஜூன் 3, காலை (வாசகர் கேள்வி)

மாணவர் மதிப்பெண் பட்டியல் போடும் நிரலைச் சி மொழியில் எழுதியிருக்கிறேன். பிரிவு, பதிவெண், தேர்ச்சி, சராசரி, பெயர் என ஐந்துக்கும் தனித்தனியே ஐந்து அணிகள் (ஒரே வகை மதிப்புகளின் வரிசைகள்) வைத்திருக்கிறேன். நிரல் சரியாகவே ஓடுகிறது. இதையே ஸ்ட்ரக்ட் (வெவ்வேறு வகைத் தரவுகளை ஒன்றாகக் கட்டும் கட்டமைப்பு) கொண்டு எழுதச் சொல்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், வரிகள் கூடினவே தவிர விடை மாறவில்லை. இது வெறும் அழகுக்குத்தானா? இன்னொன்று: பிரிவு 1, பதிவெண் 4, தேர்ச்சி 1, சராசரி 8, பெயர் 20 என்று கூட்டினால் 34 பைட்டு. நினைவகத்தில் பிடிக்கும் இடத்தைச் சொல்லும் சைஸ்ஆஃப் 48 என்கிறது. மீதி 14 பைட்டு எதற்கு?

ஜூன் 3, இரவு

ஸ்ட்ரக்ட் போட்டதால் விடை மாறியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வேறுபாடு நிரலை அடுத்த முறை திருத்தும்போது தெரியும். அந்தப் பட்டியலைச் சராசரியின் இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள். இரண்டு மாணவர்களை இடம் மாற்றுவதற்கு ஐந்து அணிகளிலும் தனித்தனியாக இடமாற்றம் செய்ய வேண்டும். பெயர் எழுத்துகளின் அணியாக இருப்பதால் அதற்கு நேரடியாகச் சமக்குறி போட முடியாமல் சரத்தை நகலெடுக்கும் செயற்கூறை (ஃபங்ஷன்) அழைக்க வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றை எழுத விட்டுவிட்டால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்காது, நிரலும் நிற்காது. முதலிடத்தில் ஒருவருடைய பெயரும் இன்னொருவருடைய தேர்ச்சிக் குறியும் சேர்ந்து அச்சாகும். ஒரு மாணவர் என்பவர் உங்கள் நிரலில் எங்குமே இல்லை என்பதே இதற்குக் காரணம். ஐந்து அணிகளிலும் ஏழாவது இடத்தில் இருப்பவை ஒரே ஆளுக்கு உரியவை என்ற செய்தி உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கிறது. கம்பைலருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கட்டமைப்பாக வைத்தால் இடமாற்றம் மூன்று வரிகளில் முடிந்துவிடும். தற்காலிக மாறிக்கு ஒருவரை நகலெடு, அவர் இடத்தில் மற்றவரை வை, மற்றவர் இடத்தில் தற்காலிக மாறியில் இருப்பவரை வை. நாளைக்குப் பிறந்த தேதி என்று ஆறாவது உறுப்பு ஒன்றைச் சேர்த்தாலும் அந்த மூன்று வரிகள் மாறாது. சி நூலகத்திலுள்ள, வரிசையாக அடுக்கித் தரும் க்யூசார்ட் செயற்கூறையும் அப்போதுதான் பயன்படுத்த முடியும். அது ஒற்றை அணியைத்தான் வாங்கிக்கொள்ளும், இணையாக ஓடும் ஐந்து அணிகளை அதனிடம் கொடுக்க வழியில்லை.

இன்னொரு வியப்பும் இதில் உண்டு. தனியாக இருக்கும் எழுத்து அணிக்குச் சமக்குறி செல்லாது; அதே அணி ஒரு கட்டமைப்புக்குள் உறுப்பாக இருந்தால் கட்டமைப்பு மொத்தமாக நகலாகும்போது அதுவும் சேர்ந்து நகலாகும். வரிகள் கூடின என்ற குறை வரையறையில் மட்டும் உண்மை. பயன்படுத்தும் இடங்களில் அவை குறையத்தான் செய்யும்.

34க்கும் 48க்கும் உள்ள இடைவெளிக்குத் தனியாக வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும்.

ஜூன் 4

பழங்கதைக்கும் முன்னால் ஒரு சின்ன எச்சரிக்கை. வரையறையின் அடைப்புக்குறியை மூடிய பிறகு அரைப்புள்ளி வைக்க வேண்டும். செயற்கூறுக்கு அது தேவையில்லை, கட்டமைப்புக்குத் தேவை. மறந்தால் பிழைச்செய்தி பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டும். குற்றமற்ற அந்த வரியை உற்றுப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் போகும். பழைய பாணியில் நிரல் தொடங்கும் செயற்கூறை, விடையின் இனத்தைக் குறிப்பிடாமல், மெயின் என்று மட்டும் எழுதிவந்த நாட்களில் இது இன்னும் வேடிக்கையாக இருந்தது. வரையறைக்குக் கீழே உடனே மெயின் வந்தால், மெயின் ஒரு மாணவரைத் திருப்பித் தரும் செயற்கூறு என்று கம்பைலர் அமைதியாக ஏற்றுக்கொள்ளும். இயங்குதளத்துக்கு ஒரு மாணவரைக் கொடுத்து அது என்ன செய்யும்?

ஜூன் 5

ஸ்ட்ரக்ட் வசதி சி மொழியில் பிறக்கும்போதே இருக்கவில்லை. அதன் முன்னோடியான பி மொழியில் தரவினங்களே கிடையாது. எல்லாம் ஒரே அளவுள்ள சொற்கள். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதற்குத் தரவினங்களைச் சேர்த்து வளர்த்துக்கொண்டிருந்தபோது, 1972இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை அந்தத் தொடக்ககாலச் சி மொழியில் எழுத முயன்று கைவிட்டார். அப்போது கட்டமைப்புகள் மொழியில் வரவில்லை. அவை வந்து சேர்ந்த பிறகு, 1973 கோடையில், பிடிபி-11 கணினிக்கான யூனிக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. இயங்குதளம் முழுவதும் ஒன்றோடொன்று தொடர்புடைய செய்திகளின் அட்டவணைகளாகவே இருக்கிறது: ஒரு செயல்முறைக்கு ஒரு பதிவு, திறந்திருக்கும் ஒரு கோப்புக்கு ஒரு பதிவு. அவற்றையெல்லாம் இணை அணிகளாக எழுதிப் பராமரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

தரவுகளைப் பதிவாகத் தொகுப்பது அப்போது புதிய எண்ணமும் அல்ல. 1960இலேயே கோபால் மொழியில் பதிவுகள் இருந்தன. ரிட்சிக்கு வந்த சிக்கல் வேறு. அக்கால யூனிக்ஸில் கோப்பகத்தின் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டு: கோப்பை அடையாளம் காட்டும் ஐ-எண்ணுக்கு 2 பைட்டு, பெயருக்கு 14 பைட்டு. ஒரு முழு எண்ணும் 14 எழுத்துகளின் அணியும் கொண்ட கட்டமைப்பை அறிவித்து, வட்டிலிருந்து வரும் 16 பைட்டின் மேல் அதை அப்படியே பொருத்திப் படிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால் பி மொழியிலும் அதன் வழியே வந்த தொடக்ககாலச் சி மொழியிலும் அணி என்றால், எழுத்துகள் ஓரிடத்தில் இருக்கும், அவற்றின் முகவரியை வைத்திருக்கும் சுட்டு வேறோரிடத்தில் இருக்கும். வட்டிலிருந்து வரும் 16 பைட்டில் அந்தச் சுட்டுக்கு இடம் ஏது? நிரல் ஓடும்போது யார் அதை நிரப்புவது?

அவர் கண்ட தீர்வுதான் இன்றுவரை மாணவர்களைக் குழப்பிக்கொண்டிருக்கும் விதி. சுட்டை எங்கும் சேமித்து வைப்பதில்லை. அணியின் பெயர் ஒரு கோவையில் வரும்போது மட்டும், அதன் முதல் உறுப்பைக் காட்டும் சுட்டாக அது மாற்றிக்கொள்ளப்படுகிறது. ஆக, அணியின் பெயர் ஏன் சுட்டைப் போல நடந்துகொள்கிறது என்ற கேள்விக்கும், அணி ஏன் கட்டமைப்புக்குள் முழுசாக உட்காருகிறது என்ற கேள்விக்கும் அந்த 16 பைட்டுப் பதிவே விடை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாடநூல்கள் கட்டமைப்பை வெவ்வேறு இனத் தரவுகளின் தொகுப்பு என்று வரையறுத்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அது பாதிதான். சி மொழியில் கட்டமைப்பு நினைவகத்தின் ஒரு துண்டுக்கு வரையப்பட்ட நிலப்படமும் ஆகும். எந்த பைட்டிலிருந்து எந்த பைட்டு வரை யாருக்கு உரியது என்பது அதில் உறுதியாகிவிடுகிறது. உங்களுடைய 48க்கு விடை இந்த இரண்டாம் பாதியில் கிடக்கிறது.

ஜூன் 5, சற்றுப் பின்னர்

முந்தைய குறிப்பில் சேர்க்க விட்ட ஒன்று. கட்டமைப்பை மொத்தமாக நகலெடுக்கலாம் என்று முதலில் எழுதியிருந்தேனே, அதுவும் 1973இல் இல்லை. 1978இல் வெளிவந்த கெர்னிகன்–ரிட்சி நூலின் முதற்பதிப்பின்படி ஒரு கட்டமைப்பின் முகவரியை எடுக்கலாம், அதன் உறுப்பை அணுகலாம், அவ்வளவுதான். மொத்தமாக நகலெடுப்பது, செயற்கூறுக்கு அனுப்புவது, அதிலிருந்து திருப்பித் தருவது எல்லாம் அதையொட்டிய ஆண்டுகளில் கம்பைலர்களில் வந்து, 1989ஆம் ஆண்டின் ஆன்சி தரத்தில் உறுதியாயின. சற்று வயதான நிரலாளர் சிலர் எங்கும் எதற்கும் சுட்டையே அனுப்புவதில் பிடிவாதமாக இருப்பதற்கு அந்தக் காலத்துப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 7

இனி அந்த 14 பைட்டு. 64 பிட் லினக்ஸில் நான்கு பைட்டு இன்ட் (முழு எண்) நான்கின் மடங்கான முகவரியில்தான் தொடங்கும். எட்டு பைட்டு டபுள் (தசம எண்) எட்டின் மடங்கில்தான் தொடங்கும். செயலி நினைவகத்தைத் தடையின்றிப் படிப்பதற்காக வைத்த ஒழுங்கு இது.

உங்கள் வரிசையையே எடுத்துக்கொள்வோம். பிரிவு 0ஆம் பைட்டில் அமர்கிறது. பதிவெண் 1இல் தொடங்க முடியாது. 1, 2, 3 வெறுமையாக விடப்பட்டு 4 முதல் 7 வரை அதற்கு. தேர்ச்சிக் குறி 8இல். சராசரி டபுள் ஆகையால் 16க்குப் போகிறது. 9 முதல் 15 வரை ஏழு பைட்டு வெறுமை. சராசரி 16 முதல் 23 வரை, பெயர் 24 முதல் 43 வரை. இதோடு 44 ஆகிறது. ஆனால் அணியில் இரண்டாவது மாணவர் இவருக்கு அடுத்து ஒட்டியே அமர வேண்டும். அவருடைய சராசரியும் எட்டின் மடங்கில் வர வேண்டுமானால் மொத்த அளவே எட்டின் மடங்காக இருக்க வேண்டும். ஆகவே கடைசியில் இன்னும் நான்கு. 3, 7, 4 சேர்ந்து 14. ஒரு பைட்டும் காணாமல் போகவில்லை. எல்லாம் நிரப்பிடமாக உள்ளேயே இருக்கின்றன.

வரிசையை மாற்றுங்கள்: சராசரி, பதிவெண், பெயர், பிரிவு, தேர்ச்சி. இப்போது உறுப்புகள் 0 முதல் 33 வரை இடைவெளியின்றி அமர்ந்து, கடைசியில் ஆறு பைட்டு மட்டும் வெறுமையாக, மொத்தம் 40 ஆகும். கடுமையான ஒழுங்கு கேட்கும் உறுப்பை முதலில் வைப்பது என்ற எளிய வழக்கம் பெரும்பாலான இடங்களில் போதும். ஆயிரம் மாணவருக்கு இதில் மிச்சம் 8,000 பைட்டு. அதற்காக நிரலை மாற்றி எழுதுவது வீண் வேலை. கோடிக்கணக்கான பதிவுகளை நினைவகத்தில் வைத்திருக்கும் நிரலில் கணக்கு வேறாகிவிடும். ஜிசிசி கம்பைலரில் இத்தகைய இடைவெளிகளை எச்சரிக்கச் சொல்லும் வசதி உண்டு. நிரப்பிடங்களைப் படம்போலக் காட்ட பாஹோல் என்ற கருவியும் உண்டு.

கம்பைலரே ஏன் வரிசையை மாற்றிக்கொள்வதில்லை என்று கேட்கலாம். சி தரம் அதை அனுமதிப்பதில்லை. முதல் உறுப்புக்கு முன்னால் இடைவெளி இருக்கக் கூடாது, உறுப்புகள் எழுதிய வரிசையிலேயே ஏறுமுகமான முகவரிகளில் இருக்க வேண்டும் என்பது விதி. கம்பைலர் தன் விருப்பப்படி இடம் மாற்றினால் அந்த 16 பைட்டுக் கோப்பகப் பதிவின் மேல் எதைப் பொருத்துவது? ரஸ்ட் மொழியில் கேட்காவிட்டால் கம்பைலர் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அங்கே நிலப்படம் வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஜூன் 7, பின்குறிப்பு

தன் கல்லூரி நூலில் சைஸ்ஆஃப் என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகை என்றே போட்டிருப்பதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்து நூலாக இருக்க வேண்டும். அங்கே இன்ட் 2 பைட்டு. வேறு கட்டளை தராவிட்டால் இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கும் கம்பைலர் அது. அதில் உங்கள் கட்டமைப்பு 32 பைட்டு. நூலில் உள்ளது அந்தக் கம்பைலருக்குச் சரி, மொழிக்குச் சரியல்ல. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம், பிறகு பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்துக்கூட, டர்போ சி ஓடியதால் இந்தக் கூட்டல் கணக்கு தலைமுறையாக நிலைத்துவிட்டது.

டர்போ சி என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஃப்ளோட் (தசம எண்) உறுப்புள்ள கட்டமைப்புகளின் அணியில் ஸ்கேன்எஃப் கொண்டு மதிப்பெண் வாங்கினால், தசம எண் வடிவங்கள் இணைக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு நிரல் செத்துப்போகும். நிரலில் பிழை எதுவும் இராது. தசம எண் வேலை நடக்கிறதா என்று ஊகித்து, இல்லையென்று எண்ணினால் அதற்கான பகுதியை விட்டுவிடும் கம்பைலரின் சிக்கனம் அது. எங்காவது ஒரு ஃப்ளோட் மாறியின் முகவரியை எடுக்கும் பயனற்ற செயற்கூறு ஒன்றை எழுதி வைத்தால் சரியாகிவிடும். ஆய்வகத் தேர்வுகளில் காரணம் அறியாமலேயே அந்த மூன்று வரிகளை மனப்பாடமாக எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 9

நிரப்பிடங்களால் விளையும் இரண்டு தொல்லைகள்.

முதலாவது ஒப்பீடு. இரண்டு கட்டமைப்புகளுக்கு இடையே இரட்டைச் சமக்குறி போட முடியாது, கம்பைலர் மறுத்துவிடும். உடனே எல்லோரும் ஓடுவது மெம்கம்ப் செயற்கூறிடம். அது பைட்டுக்கு பைட்டு ஒப்பிடுகிறது. நிரப்பிடத்தில் கிடக்கும் குப்பையையும் சேர்த்தே ஒப்பிடுகிறது. எல்லா உறுப்புகளும் ஒத்திருக்கும் இரண்டு மாணவர்கள் வேறு வேறு என்று விடை வரலாம். தொடக்கத்திலேயே முழுவதையும் சுழியமாக்கினால் போதும் என்பார்கள். உறுப்பில் மதிப்பை இடும்போது நிரப்பிட பைட்டுகள் எதுவாகவும் ஆகலாம் என்று தரம் சொல்வதால் அதையும் நம்பி இருக்க முடியாது. பெயரின் 20 பைட்டிலும் இதே கதைதான்: சரத்தின் முடிவைக் காட்டும் சுழிய பைட்டான முடிவுக்குறிக்குப் பின்னால் பழைய நீளமான பெயரின் வால் மிச்சம் இருக்கும். உறுப்பு உறுப்பாக ஒப்பிடும் சிறு செயற்கூறு ஒன்றை எழுதிக்கொள்வதைத் தவிர வேறு நல்ல வழியில்லை.

இரண்டாவது கோப்பு. எஃப்ரைட் கொண்டு கட்டமைப்பை அப்படியே கோப்பில் இறக்குவது கவர்ச்சியான குறுக்குவழி. 32 பிட் இன்டெல் லினக்ஸில் கட்டமைப்புக்குள் இருக்கும் டபுளுக்கு நான்கின் மடங்கே போதும். ஆகவே உங்கள் பழைய வரிசை அங்கே 48 அல்ல, 40 பைட்டு. அங்கே எழுதிய கோப்பை இங்கே படித்தால் முதல் மாணவரின் பிரிவு, பதிவெண், தேர்ச்சி மூன்றும் சரியாக வரும். அதைப் பார்த்து நம்பிவிடுவோம். சராசரி 12இல் எழுதப்பட்டு 16இல் படிக்கப்படுவதால் குப்பையாக இருக்கும். பெயரில் முதல் நான்கு பைட்டு போயிருக்கும். இரண்டாவது மாணவரிலிருந்து எல்லாமே நகர்ந்திருக்கும்.

எதிர்த்திசையில் நடக்கும் தொல்லைக்குப் பிஎம்பி படக்கோப்பு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தலைப்பகுதி 14 பைட்டு: அடையாளத்துக்கு 2, கோப்பின் அளவுக்கு 4, ஒதுக்கீடாக இரண்டு 2 பைட்டுகள், படத்தின் தொடக்கத்தைச் சொல்ல 4. இதையே கட்டமைப்பாக எழுதினால் அடையாளத்துக்குப் பின்னால் 2 பைட்டு இடைவெளி விழுந்து 16 ஆகிவிடும். அதை வைத்து நேரடியாகப் படித்தால் கோப்பின் அளவே தவறாக வரும். நெருக்கி அடுக்கும்படி கம்பைலருக்குக் கட்டளையிடலாம். ஆனால் அப்படி நெருக்கிய உறுப்பின் முகவரியை எடுத்து வேறு செயற்கூறுக்கு அனுப்பினால், ஒழுங்கற்ற முகவரியைப் பொறுக்காத செயலிகளில் நிரல் விழும். நான் உறுப்பு உறுப்பாகவே எழுதிப் படிக்கிறேன். வரிகள் கூடுகின்றன, எது எந்த பைட்டில் இருக்கிறது என்பது நிரலிலேயே தெரிகிறது.

ஜூன் 10

சற்றே விலகிப் போகிறேன். யூனிக்ஸின் பழைய கட்டமைப்புகளில் உறுப்புப் பெயர்கள் எல்லாம் ஒரு முன்னொட்டோடு வருவதைக் கவனித்திருப்பீர்கள். நேரத்துக்கான கட்டமைப்பில் எல்லாப் பெயர்களும் டிஎம் என்று தொடங்கும். கோப்பு விவரத்துக்கான கட்டமைப்பில் எஸ்டி. தொடக்ககாலச் சி மொழியில் எல்லாக் கட்டமைப்புகளின் உறுப்புப் பெயர்களும் ஒரே பொதுப் பட்டியலில் கிடந்தன. இரண்டு கட்டமைப்புகளில் ஒரே பெயர் வர வேண்டுமானால் இரண்டிலும் அதே இனமாகவும் அதே இடத்திலும் இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்க வைத்த முன்னொட்டு, காரணம் ஒழிந்த பிறகும் தங்கிவிட்டது. உங்கள் நிரலில் அது தேவையில்லை.

அந்த நேரக் கட்டமைப்பில் ஆண்டு 1900இலிருந்து கணக்கிடப்படுகிறது, மாதம் 0 முதல் 11 வரை, மாதத்தின் நாள் மட்டும் 1 முதல் 31 வரை. ஒரே கட்டமைப்பில் இரண்டு எண்ணும் முறைகள். உறுப்புகளைத் தொகுத்துவிட்டால் மட்டும் ஒழுங்கு வந்துவிடாது என்பதற்கு அதைவிடப் பழைய சான்று என்னிடம் இல்லை.

ஜூன் 12

செயற்கூறுக்குக் கட்டமைப்பை எப்படி அனுப்புவது என்று கேட்டவருக்கு. அப்படியே அனுப்பினால் நகல் போகிறது. உள்ளே சராசரியைத் திருத்தினால் நகலில் திருந்தும், வெளியே பழையதே இருக்கும். திருத்த வேண்டுமானால் முகவரியை அனுப்ப வேண்டும். சுட்டிலிருந்து உறுப்புக்குப் போக விண்மீனையும் புள்ளியையும் சேர்த்து எழுதினால், புள்ளிக்கு முன்னுரிமை அதிகம் என்பதால் அடைப்புக்குறி போட வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் அம்புக்குறி. படிக்க மட்டும் என்றால் சுட்டோடு, மாற்றத்தைத் தடுக்கும் கான்ஸ்ட் சேர்த்துவிடுங்கள்.

நகல் என்றாலே சுமை என்று அஞ்ச வேண்டாம். 64 பிட் லினக்ஸில் 16 பைட்டு வரையுள்ள எளிய கட்டமைப்புகள் பெரும்பாலும் செயலியின் பதிவகங்களிலேயே (ரெஜிஸ்டர்) போய்விடும். நூலகத்தின் டிவ் செயற்கூறு ஈவு, மீதி இரண்டையும் ஒரே கட்டமைப்பாகத் திருப்பித் தருவதைப் பாருங்கள். இரண்டு விடைகளை எப்படித் தருவது என்று தவித்துப் பொதுமாறிகளை அறிவிப்பவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

பிறந்த தேதியைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாள், மாதம், ஆண்டு என மூன்று இன்ட் வாங்கும் செயற்கூறில் நாளும் மாதமும் இடம் மாறிப் போனால் கம்பைலர் அறியாது. தேதியைத் தனிக் கட்டமைப்பாக்கி, 1999ஆம் ஆண்டின் தரத்தில் வந்த வசதிப்படி உறுப்பின் பெயரைச் சொல்லியே மதிப்புத் தந்தால், எது எதற்கென்று எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தெரிந்துவிடும். பிறகு அந்தத் தேதியையே மாணவருக்குள் ஓர் உறுப்பாக வைக்கலாம்.

கட்டமைப்புக்கு வேறு பெயர் சூட்டும் டைப்டெஃப் போடலாமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. லினக்ஸ் கருநிரலின் எழுத்துநடை விதிகள் கட்டமைப்புகளுக்கு அதை வேண்டாம் என்கின்றன. வேறு பல திட்டங்கள் தாராளமாகப் போடுகின்றன. ஒரே கோப்பில் இரண்டு வழக்கமும் கலந்திருப்பதுதான் எரிச்சல்.

ஜூன் 15

முதற் குறிப்பில் இணை அணிகளுக்கு இடமே இல்லை என்பது போன்ற தொனி இருக்கிறது. அதைச் சற்றுத் தளர்த்த வேண்டும்.

செயலி நினைவகத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. இன்றைய பெரும்பாலான இன்டெல் வகைச் செயலிகளில் 64 பைட்டுத் துண்டுகளாக இடைநினைவகத்துக்குக் கொண்டுவருகிறது. பத்து லட்சம் மாணவர்களின் சராசரிகளை மட்டும் கூட்ட வேண்டும் என்று வையுங்கள். ஒரு மாணவருக்கு 40 பைட்டு என்றால் ஒரு துண்டில் ஒரு சராசரியோ இரண்டோ இருக்கும். மற்றதெல்லாம் அந்த வேலைக்கு வேண்டாத பெயரும் பதிவெண்ணும். சராசரிகள் மட்டும் தனி அணியாக இருந்தால் ஒரு துண்டில் எட்டுச் சராசரிகள் வந்துவிடும். விளையாட்டு நிரல்களிலும் இயற்பியல் கணக்கீடுகளிலும் பல லட்சம் புள்ளிகளின் நிலையை நொடிக்குப் பலமுறை புதுப்பிப்பவர்கள், புள்ளிகளின் அணிக்குப் பதிலாக அணிகளின் கட்டமைப்பை வைப்பது இதனால்தான். எக்ஸ் மதிப்புகள் ஓர் அணி, ஒய் மதிப்புகள் ஓர் அணி, எண்ணிக்கை ஓர் இன்ட். இவை அனைத்தும் ஒரே ஸ்ட்ரக்டுக்குள்.

அப்படியானால் கேள்வி கேட்டவரின் ஐந்து அணிகள் சரிதானே என்று உடனே கேட்பீர்கள். இல்லை. அவருடைய அணிகள் ஐந்தும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நிற்கின்றன. இங்கே அவை ஒரு கூரையின் கீழ் இருக்கின்றன, இடமாற்றத்தைச் செய்யும் செயற்கூறும் ஒன்றுதான். எவற்றை ஒரே வேலையில் சேர்த்து எடுக்கிறோம், எவற்றைச் சேர்த்து மாற்றுகிறோம் என்று பார்த்தே தொகுக்க வேண்டும். மாணவர் பட்டியலில் அடுக்குவதும் அச்சிடுவதும் தேடுவதும் ஆள்வாரியாக நடக்கின்றன. அங்கே ஆளுக்கு ஒரு கட்டமைப்பு. கோடிக்கணக்கில் ஒரே நெடுவரிசையைக் கூட்டுகிறவருக்கு நெடுவரிசைவாரித் தொகுப்பு. ஐம்பது பேர் கொண்ட வகுப்புக்கு இரண்டாவது முறையைப் பரிந்துரைக்கிறவர் இருந்தால் அவரிடமே அந்த நிரலை எழுதக் கொடுத்துவிடுங்கள்.

ஜூன் 18

பெயருக்கு 20 பைட்டு என்று கேள்வியில் வந்ததை இத்தனை நாள் தொடாமலே போய்க்கொண்டிருந்தோம். பெயர்களைத் தமிழில் உள்ளிடப் போவதாக அவர் இப்போது எழுதியிருக்கிறார். ஆகவே தொட வேண்டும்.

யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டு. புள்ளியும் ஒரு குறி, கொம்பும் ஒரு குறி. முடிவுக்குறிக்கு 1 போக 19 பைட்டில் ஆறு குறிகள்தான் அடங்கும். கண்ணன் என்ற பெயரில் க, ண, புள்ளி, ண, ன, புள்ளி என ஆறு. 18 பைட்டு, அடங்கிவிடுவார். முருகனுக்கு ஏழு, 21 பைட்டு, அடங்கமாட்டார். செந்தில் 24. மாமனுக்கு இடம் உண்டு, மருமகனுக்கு இல்லை என்று சொல்லும் நிரலை எந்தப் பள்ளியில் ஓட்டுவது?

அளவைச் சொல்லி நகலெடுக்கும் ஸ்ட்ர்என்காப்பி காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். 20 என்று அளவு தந்தால் அது 20 பைட்டை நகலெடுத்துவிட்டு முடிவுக்குறி போடாமலே நிறுத்திவிடும். கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே இருக்கும். நான் ஜூன் 7இல் சொன்ன வரிசைப்படி பெயருக்கு அடுத்து ஒட்டியே இருப்பது பிரிவு. ஆகவே அச்சிடும்போது முருகன, ஓர் உடைந்த கட்டம், பிரிவின் எழுத்து, தேர்ச்சியின் எழுத்து என்று எங்காவது சுழியம் தட்டுப்படும் வரை ஓடும். பழைய வரிசையில் பெயர் கடைசியில் இருந்ததால் நிரப்பிடத்தில் தற்செயலாகச் சுழியம் கிடந்து இந்தப் பிழை மறைந்தே இருந்திருக்கக் கூடும்.

ஜூன் 18, தொடர்ச்சி

பெயரை எழுத்து அணியாக வைக்காமல் சுட்டாக வைத்துத் தேவையான அளவு நினைவகம் ஒதுக்கலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. வைக்கலாம். ஆனால் மொத்தமாக நகலெடுக்கலாம் என்று முதல் நாள் நான் எழுதியதன் எல்லை அங்கே வந்துவிடுகிறது. நகலாவது சுட்டு மட்டும்; இரண்டு மாணவர்களும் ஒரே பெயரைக் காட்டுவார்கள், ஒருவருடையதை விடுவித்தால் மற்றவருடையதும் போகும். அடுக்கும்போது இது தொல்லை தராது, ஏனெனில் அங்கே இடம்தான் மாறுகிறது, ஆள் இரட்டிப்பதில்லை. கோப்பில் எழுதினால் பெயருக்குப் பதிலாக முகவரி எழுதப்படும். அடுத்த முறை நிரலை ஓட்டும்போது அந்த முகவரிக்கு எந்தப் பொருளும் இராது.

இந்த நிரலுக்கு 64 பைட்டு அணி போதும் என்பது என் எண்ணம். சராசரி, பதிவெண், பெயர், பிரிவு, தேர்ச்சி என்ற வரிசையில் அது 78 பைட்டு, நிரப்பிடத்தோடு 80. உள்ளீடு 63 பைட்டைத் தாண்டினால் வெட்டாமல் மறுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே எஃப்ரைட் கொண்டு எழுதிய கோப்பு கையில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதில் ஒரு பதிவு 48 பைட்டு. புதிய நிரல் 80 பைட்டாகப் படித்தால் முதல் பதிவே சிதையும். பழைய வரையறையை வேறு பெயரில் அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு பழைய கோப்பைப் படித்து, உறுப்பு உறுப்பாகப் புதியதற்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றை, கோப்பை எழுதிய அதே கணினியில், அதே கம்பைலரில் ஓட்டுங்கள். புதிய கோப்பின் தொடக்கத்தில் பதிப்பெண் ஒன்றையும் எழுதி வையுங்கள். பிறந்த தேதியைச் சேர்க்கும் நாளில் தேவைப்படும்.